பராமரிப்பு யாருடைய கடன்? – தொழில்புரியும் தாயின் அறநிலை பற்றிய ஒரு நோக்கு

அறத்தை ஆராய்ந்த மெய்யியலாளர் பெரும்பாலும் அரசனையும் போர்வீரனையும் வணிகனையும் துறவியையும் முன்னிறுத்தியே தம் வினாக்களை எழுப்பினர். கொடுத்த வாக்கை மீறலாமா, நன்மை கருதிப் பொய் உரைக்கலாமா, பலரைக் காக்க ஒருவனைப் பலியிடலாமா என்னும் வினாக்கள் அவர்தம் நூல்களில் மீண்டும் மீண்டும் எழுகின்றன. காய்ச்சலாற் படுத்திருக்கும் பிள்ளையை விட்டு ஒரு தாய் வேலைக்குச் செல்லலாமா என்னும் வினா அந்நூல்களில் அரிதாகவே இடம்பெற்றது. ஆயினும், சாதாரண மனிதரின் வாழ்விலே நாள்தோறும் எழுந்து, நாள்தோறும் விடையின்றி விடப்படும் அறவினாக்களுள் இதுவும் ஒன்றாகும். அவ்வினா எழும் இடம் விரிவுரை மண்டபமன்று; அடுக்களையும் பஸ் தரிப்பிடமுமே அதன் களங்கள். கேட்பவள் அதனை உரத்துக் கேட்பதுமில்லை. அதனாற்போலும், அது மெய்யியல் வினாவாகக் கொள்ளப்படாது, பெண்ணொருத்தியின் தனிப்பட்ட மனக்குறையாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. அது வெறும் மனக்குறையன்று, நீதி பற்றிய வினாவே என்பதை எடுத்துக்காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவைத் தெளிவாக்கும் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக் கொள்ளலாம். மாவட்ட வைத்தியசாலையொன்றிற் கடமையாற்றும் தாதி ஒருத்தி. கணவர் அரசாங்க அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். பிள்ளைகள் இருவர், மூத்தவனுக்குப் பத்து வயது, இளையவளுக்கு நான்கு. தாதியின் வயது முதிர்ந்த தாயும் உடன் வாழ்கின்றார். ஒருநாள் மாலை இளையவளுக்குக் காய்ச்சல் காய்கின்றது. அன்றிரவு தாதிக்குக் குழந்தைகள் விடுதியில் இரவுக் கடமை. புறப்படும் வேளையிலே பிள்ளை தாயின் உடையைப் பற்றிக்கொள்கின்றது. அம்மம்மா அவ்விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, "நீ போட்டு வா பிள்ளை, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்கின்றார். அவள் போகின்றாள். அவ்விரவு முழுவதும் பிறர் பிள்ளைகளின் வெப்பநிலையை அளந்து குறிக்கின்றாள். அவர்தம் நெற்றிகளை ஈரத்துணியால் ஒற்றுகின்றாள். கலங்கிநிற்கும் தாய்மாருக்கு ஆறுதல் கூறுகின்றாள். காலையில் வீடு திரும்பும்போது பிள்ளையின் காய்ச்சல் தணிந்திருக்கின்றது. அம்மம்மாவின் மடியில் அது உறங்குகின்றது. தீங்கு எதுவும் நேரவில்லை. ஆயினும் அவளின் மனம் அமைதி பெறவில்லை.

அந்த மனம் தன்னைத் தானே கேட்கும் வினாக்கள் மூன்று. முதலாவது, தன் பிள்ளையை விட்டுப் பிறர் பிள்ளையைக் காத்தது தவறா? இரண்டாவது, விடிய விடிய விழித்திருந்த முதிய தாய்க்கு அன்று யார் துணை? மூன்றாவது, மேற்படிப்புப் படித்துத் தொழிலில் உயரவேண்டும் என்று நெடுநாளாக உள்ளத்தில் வைத்திருக்கும் எண்ணத்தை இனியும் வைத்திருக்கத் தனக்கு உரிமை உண்டா? இம்மூன்றையும் அவள் கேட்கின்றாள். இதில் நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவளின் கணவர் தீயவரல்லர், பிள்ளைகளில் அன்புடையவர். அன்று காலையும் அவர் வழமைபோல அலுவலகம் சென்றார். காய்ச்சலாயிருந்த பிள்ளையை விட்டுப் போகலாமா என்ற வினா அவரின் உள்ளத்தில் எழவில்லை. அவரிடம் எவரும் கேட்கவுமில்லை. ஒரே வீட்டில், ஒரே பிள்ளையின் பொருட்டு, ஒருவருக்கு அறவினாவாக இருப்பது மற்றவருக்கு வினாவாகவே தோன்றாமைக்குக் காரணம் யாது? இவ்விடத்திலேதான் தனிமனித உளநிலை முடிந்து சமூக அறம் தொடங்குகின்றது.

தாயின் பராமரிப்பைப் பற்றிப் பொதுவாக மூன்று கருத்துக்கள் நிலவுகின்றன. அது அன்பு என்பது ஒன்று. அது கடன் என்பது மற்றொன்று. அது உழைப்பு என்பது மூன்றாவது. அன்பு என்போர், அன்புக்கு அளவும் கூலியும் இல்லை என்று கூறி, அதன் சுமையைப் பற்றிய பேச்சையே தவிர்த்துவிடுகின்றனர். கடன் என்போர், அது யாருக்கு யார் பட்ட கடன் என்பதைத் தெளிவுபடுத்துவதில்லை. உழைப்பு என்போர், உழைப்பாயின் அதனை விலைக்கு வாங்கிவிடலாமே என்னும் முடிவுக்கு விரைந்து வருகின்றனர். மூன்று கருத்திலும் உண்மை உண்டு. மூன்றும் தனித்து நிற்கும்போது குறையுடையன.

கிரேக்கச் சிந்தனையிலே இவ்வினாவுக்கு எதிர்மாறான இரு விடைகளைக் காணலாம். பிளேற்றோ தம் 'குடியரசு' என்னும் நூலின் ஐந்தாம் பகுதியிலே, காவலர் வகுப்பைச் சேர்ந்த பெண்கள் ஆண்களைப்போலவே ஆட்சியிலும் போரிலும் பங்குகொள்ளலாம் என்றார். அக்காலத்துக்கு அது பெரும் புதுமை. ஆயின் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்ற இடர்ப்பாட்டை அவர் தீர்த்த முறை விசித்திரமானது. பிள்ளைகள் நகரின் தனியிடமொன்றில் செவிலியரால் வளர்க்கப்படுவர். பாலூட்ட வரும் தாய் தன் பிள்ளை எது என அறியாதவாறு பார்த்துக்கொள்ளப்படும். அதாவது, பெண்ணை விடுவிக்கும் பொருட்டுத் தாயை இல்லாமற் செய்துவிட்டார். அரிஸ்ரோட்டில் இதனை மறுத்தார். எல்லோருக்கும் பொதுவானதை எவரும் பேணுவதில்லை. ஆயிரம் பேருக்கு மகனாயிருப்பவன் உண்மையில் எவருக்கும் மகனல்லன் என்பது அவரது மறுப்பின் சாரம். இம்மறுப்பு வலியது. ஆயின் அவர் அளித்த மாற்று, பெண்ணை இல்லத்தின் எல்லைக்குள் வைத்தது. நகரத்துச் சுதந்திரக் குடிமகன் பொதுக்களத்தில் அறம் பேசுவதற்கு வேண்டிய ஓய்வை, இல்லத்துப் பெண்களதும் அடிமைகளதும் உழைப்பே அவனுக்கு அளித்தது. ஒருவர் தாயை நீக்கினார். மற்றவர் தாயை அடைத்தார். தந்தை, பிள்ளையின் தொட்டிலருகே நிற்கலாம் என்னும் எளிய வழி இருவருக்கும் தோன்றவில்லை.

தமிழிலக்கியத்திலே இவ்வினாவுக்கு ஒளிதரும் பாடலொன்று உண்டு. புறநானூற்றின் 312ஆம் பாடல், பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர் பாடியது. பெற்று வளர்த்தலைத் தாயின் கடனாக அது கூறுகின்றது. மேடைகளிலும் பாடசாலைகளிலும் பெரிதும் நினைவுகூரப்படுவது இத்தொடக்கமே. ஆயின் பாடல் அத்துடன் நின்றுவிடவில்லை. தந்தைக்கு ஒரு கடன், வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒரு கடன், வேந்தனுக்கு ஒரு கடன், வளர்ந்த மகனுக்கு ஒரு கடன் என அது வரிசைப்படுத்திச் செல்கின்றது. அக்கடன்களின் முடிவு போர்க்களம் என்பது உண்மை; பிள்ளை வளர்ப்பின் பயன் களிற்றை வெல்லுதல் என்பதை இன்றைய மனிதர், சிறப்பாக ஈழத்தவர், எளிதில் ஏற்கமாட்டார். பணிகளைப் பகுத்தளித்த முறையும் அக்காலத்துக்குரியதே. எனினும் பாடலின் அமைப்பில் மறக்கலாகாத உண்மையொன்று உண்டு. ஒரு பிள்ளை மனிதனாதல் ஒருவருடைய கடனன்று. அது குடும்பத்துக்கும் தொழிலாளிக்கும் அரசுக்கும் பகிரப்பட்ட கடன். முதற் கடனை மட்டும் மனனம் செய்து ஏனையவற்றை மறந்த சமூகம், பாடலையும் சிதைத்தது, தாயையும் சிதைத்தது எனலாம்.

அவ்வாறு மறந்ததன் விளைவை நல்லதங்காள் கதையிற் காணலாம். பஞ்சத்தால் வருந்திப் பிள்ளைகள் எழுவருடன் தமையன் வீட்டை நாடிவந்தவள், அண்ணியாற் புறக்கணிக்கப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் இட்டுத் தானும் மாய்கின்றாள். அக்கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டோர் பலர். அண்ணியின் கொடுமையையே அவர் பழித்தனர். ஆயின் அத்தாயிடம் அன்பு குறைந்திருந்ததா? இல்லை. அவளிடம் இல்லாதிருந்தவை தன் கையால் ஈட்டும் வருவாயும், இடர் வந்தபோது ஏந்திக்கொள்ளும் பொதுக்கையும் ஆகும். தாயன்பு மட்டும் பிள்ளையின் வயிற்றை நிரப்பாது என்பதை இக்கதையைக் காட்டிலும் கொடுமையாகக் கூறுதல் அரிது. வேலைக்குச் செல்லும் தாய் பிள்ளையை விட்டுச் செல்கின்றாள் என்று கூறுவோர், பல வேளைகளில் அவள் பிள்ளையின் பொருட்டே செல்கின்றாள் என்பதையும் சேர்த்துக் கூறக் கடமைப்பட்டவர்.

தொழில்புரியும் தாய் என்பவள் நகரத்து மத்தியதர வகுப்பினர் அண்மையிற் கண்ட புதுமை என்ற எண்ணமும் உண்டு. இது வரலாற்றுக்கு மாறானது. வயலிலும் கடற்கரையிலும் நெசவுத் தறியிலும் தாய்மார் என்றும் உழைத்தே வந்துள்ளனர். இலங்கையில் இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது மலையகம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் குடும்பங்களில், தேயிலை பெருகிய பின்னர், கொழுந்து பறிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கு உரியதாயிற்று. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் ஒப்படைத்து, மலையேறிக் கொழுந்து பறித்து, இடைவேளையில் இறங்கிவந்து பாலூட்டி, மீண்டும் மலையேறும் தாயின் நாள், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டின் அந்நியச் செலாவணிக்கு அடித்தளமாய் இருந்துவந்துள்ளது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் அங்கு 1984இல்தான் கிடைத்தது. வேலைக்குப் போகலாமா என்று அத்தாயை எவரும் கேட்கவில்லை. குற்றவுணர்வுகொள்ளும் வாய்ப்பைக்கூட அவளுக்கு எவரும் அளிக்கவில்லை. நகரத்துத் தாயின் மனச்சாட்சியைப் பற்றிக் கவலைப்படும் உலகம், தோட்டத்துத் தாயின் கூடையின் நிறையைப் பற்றியே கவலைப்பட்டது.

பிள்ளைக் காம்பரா எவ்வாறு தோன்றியது என்பதும் சிந்தித்தற்குரியது. தோட்டத்துக்குக் கொழுந்து வேண்டும். கொழுந்துக்குப் பெண்ணின் கை வேண்டும். அக்கை வெறுங்கையாயிருத்தல் வேண்டும். ஆதலின் பிள்ளைக்கு ஓர் அறை அமைந்தது. உற்பத்திக்குத் தேவையாகும்போது பராமரிப்பைப் பொதுப்பொறுப்பாக்க முடியும் என்பதற்கு இது சான்றாகும். தேவை பிறருடையதாயின் முடிகின்ற காரியம், தேவை தாயினுடையதாயின் முடியாததாவது ஏன்?

சட்டத்தின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம், தொழில்புரியும் தாயின் உரிமையை இந்நாட்டில் நிலைநாட்டிய முதன்மையான சட்டம். காலப்போக்கில் அது விரிவடைந்தது. ஓராண்டு நிரம்பாத பிள்ளையுடைய தாய்க்கு வேலை நேரத்திற் பாலூட்டும் இடைவேளைகளையும் அது விதித்தது. எனினும் நெடுங்காலமாக முதலிரு பிள்ளைகளுக்கு மட்டுமே 84 நாள் விடுமுறை. மூன்றாவது பிள்ளை முதல் 42 நாள். அவ்வேறுபாடு 2018இன் திருத்தத்தாலேயே நீங்கியது. மறுபுறத்தில், அரசாங்க சேவையிலுள்ள தந்தைக்கு மகப்பேற்றின் பொருட்டு வழங்கப்பட்டுவந்த விடுமுறை மூன்று நாள். 84, 3 என்னும் இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில், ஈன்ற உடல் தேறுவதற்கு வேண்டிய நாட்களைக் கழித்து நோக்கின், எஞ்சுவது இயற்கையன்று, சமூகத்தின் தீர்மானமே. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்திய, நாட்டின் முதலாவது நேரப் பயன்பாட்டு அளவீடும், ஊதியமற்ற வீட்டுப்பணியின் பெரும்பகுதி பெண்களின் நேரத்திலிருந்தே கழிகின்றது என்பதை உறுதிப்படுத்தியது.

மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாய்ச் சென்ற தாய்மாரின் நிலை இன்னும் கூர்மையானது. பிறநாட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டி உறங்கவைக்கும் கைகள் ஊதியம் பெறுகின்றன. அவ்வூதியம் ஊரிலுள்ள பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்தாகின்றது. ஊரிலுள்ள பிள்ளையையோ அம்மம்மாவோ மூத்த மகளோ ஊதியமின்றி வளர்க்கின்றனர். 2013இலே, வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லும் பெண்கள் குடும்பப் பின்னணி அறிக்கை சமர்ப்பிக்கவேண்டும் என அரசு விதித்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய்மார் செல்வதற்கு அது தடையாயிற்று. 2022இல், நாடு அந்நியச் செலாவணியின்றித் தவித்தபோது, விதி தளர்த்தப்பட்டது. பிள்ளையின் நலன் கருதி விதிக்கப்பட்டதாயின், பிள்ளையின் நலன் 2022இல் மாறிவிட்டதா? அன்றியும், வெளிநாடு செல்லும் தந்தையிடம் அத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை. பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்பது உண்மை. அவ்வுண்மை தாயைத் தடுப்பதற்கு மட்டும் பயன்படுத்தப்பட்டு, தாய்க்கு ஊரிலேயே வாழ்வாதாரம் தேடித்தருவதற்குப் பயன்படுத்தப்படாதபோது, அது அறமாகாது கட்டுப்பாடாகிவிடுகின்றது.

இனி, பராமரிப்பின் உள்ளியல்பைச் சற்று நோக்கலாம். அறவளர்ச்சியை ஆராய்ந்த லோறன்ஸ் கோல்பேர்க் என்னும் உளவியலாளர் ஆண்பிள்ளைகளை ஆராய்ந்தே தமது படிநிலைகளை முதலில் வகுத்தார். அவருடன் பணியாற்றிய கரோல் கில்லிகன் 1982இல் வெளியிட்ட நூலிலே, பெண்களின் அறமொழி விதிகளையும் உரிமைகளையும்விட உறவுகளையும் பொறுப்புகளையும் மையமாகக் கொள்வதை எடுத்துக்காட்டினார். அவரது ஆய்விற் பெரிதும் கவனிக்கத்தக்கது யாதெனில், பிறர்க்காகத் தன்னை முற்றாக அழித்துக்கொள்வதை அவர் அறவளர்ச்சியின் உச்சமாகக் கொள்ளவில்லை என்பதாகும். அது இடைப்படியே. பராமரிக்கப்பட வேண்டியவர்களுள் தானும் ஒருத்தி என்று உணரும் நிலையே அதற்கும் மேற்பட்டது. தமிழ்ச் சமூகம் தாயைத் தியாகத்தின் வடிவமாகப் போற்றுவது உண்மை. ஆயின் போற்றுதல் எளிது. போற்றப்படுபவள் இளைப்பாறக் கதிரையொன்று இட்டுக்கொடுத்தல் அரிது.

பராமரிப்பவரைப் பராமரிப்பவர் யார் என்னும் வினாவை 1999இல் ஈவா கிற்றே என்னும் மெய்யியலாளர் நீதிக் கோட்பாட்டின் மையத்துக்கே கொண்டுவந்தார். ஒருவரையொருவர் சார்ந்திராத, முழுவலிமை வாய்ந்த மனிதரிடையே செய்யப்படும் ஒப்பந்தமாக நீதியைக் கருதுவோர், ஒவ்வொரு மனிதனும் முதலிற் கைக்குழந்தையாயிருந்தவன் என்பதை மறந்துவிடுகின்றனர் என அவர் சுட்டினார். பிள்ளை பெற்றவளுக்குப் பணிசெய்யும் பெண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து தம் கோட்பாட்டுக்கு அவர் பெயர் அமைத்தார். தாய் பிள்ளையைத் தாங்க, தாயைப் பிறர் தாங்குதல் வேண்டும் என்பது அதன் கருத்து. இக்கருத்து யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் புதிதன்று. பிள்ளை பெற்றவள் தாய்வீட்டிலிருக்க, அவளுக்குச் சரக்குக்கறி ஆக்கிக்கொடுத்து, பத்தியம் பார்த்து, வெந்நீர் வார்த்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை அவளை எவ்வேலையும் செய்யவிடாது பேணும் மரபு இருந்துவந்துள்ளது. துடக்கு என்னும் கருத்தை இன்று எவ்வாறு மதிப்பிடினும், அந்நாட்களிற் பொதிந்திருந்த அறிவு பெரிது. தாய் தாங்கப்படவேண்டியவள் என்பதை அம்மரபு அறிந்திருந்தது. அதன் குறை, முப்பத்திரண்டாம் நாள் அவ்வறிவு முடிந்துவிட்டமையே.

இவ்விடத்தில் தடையொன்று எழலாம். பராமரிப்பைப் பலருக்குப் பகிர்ந்தளித்தால் அன்பு நீர்த்துப்போகாதா? பிளேற்றோவுக்கு அரிஸ்ரோட்டில் கூறிய மறுப்பு இதற்கும் பொருந்தாதா? பராமரிப்பிலே இரு கூறுகள் உண்டு என்பதை உணர்ந்தால் இத்தடை நீங்கும். ஈரத்துணி இடுதல், மருந்து கொடுத்தல், உணவூட்டுதல் முதலியன செயற்கூறு. இவற்றை அறிந்த எவரும் செய்யலாம். இப்பிள்ளை எந்தப் பாட்டுக்கு உறங்கும், எதைக் கண்டு அஞ்சும் என அறிந்திருத்தல் கவனக்கூறு. இது பெயர் தெரியாத கூட்டத்தால் இயலாது. ஆயின் பெயர் தெரிந்த சிலரால் இயலும். தந்தையும் அம்மம்மாவும் அண்ணனும் நல்ல ஆசிரியையும் அயல்வீட்டு அன்ரியும் அப்பிள்ளையை அப்பிள்ளையாகவே அறிந்துகொள்ளலாம். ஒருத்திக்கு மட்டும் உரியதாதலும், எவருக்கும் உரியதாகாமற் போதலும் ஆகிய இரண்டுக்கும் நடுவே, சிலருக்கு உரியதாதல் என்னும் வழி உண்டு.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையும் இதற்குத் துணைசெய்கின்றது. பெற்றவளாற் கைவிடப்பட்ட அப்பிள்ளைக்கு ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிற்று. பின்னர் வழிச்சென்ற அந்தணன் ஒருவன் தன் மகனாக ஏற்று வளர்த்தான். அப்பிள்ளையே பிற்காலத்தில் இல்லாதோரையும் இயலாதோரையும் கூட்டி உணவளித்தது. அமுதசுரபி முதலிற் சேர்ந்ததும் அவன் கையிலேயே. பசுவின் பாலுக்கு அவன் பசுவிடம் கடன் தீர்க்கவில்லை, பசித்தோரிடம் தீர்த்தான். பராமரிப்பு கொடுத்தவருக்கே திரும்பிச் செல்லும் கடனன்று. பெரும்பாலும் அது முன்னோக்கிச் செல்லும் கடன். பெற்றதற்குக் கைம்மாறாகப் பிள்ளைகள் என்ன செய்தனர் எனக் கணக்கெடுக்கும் தாயும், தான் பிள்ளைக்குச் செய்யத் தவறியவற்றைக் கணக்கெடுத்து வருந்தும் தாயும் ஒரே பிழையான கணக்கேட்டையே கையில் வைத்திருக்கின்றனர்.

ஆயினும் அத்தாதியின் மனத்துயர் முற்றிலும் பொய்யானது எனக் கூறுதல் நேர்மையாகாது. அவ்விரவு பிள்ளை அழைத்தபோது அவள் அங்கு இல்லை. அந்த இரவு திரும்பி வராது. எத்துணைச் சிறந்த சமூக ஏற்பாடு அமையினும், ஒருவர் ஒரே வேளையில் ஈரிடத்தில் இருத்தல் இயலாது. ஆதலின் இழப்பு உண்மையானதே. இவ்விடத்தில் வருத்தத்தையும் குற்றவுணர்வையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. வருத்தம், அருமையான ஒன்று கைநழுவியதை அறிந்திருத்தல். அது அன்பின் அடையாளம். குற்றவுணர்வு, செய்யத்தகாத ஒன்றைச் செய்ததாகத் தன்னைத் தானே தண்டித்தல். தாதி வருந்தலாம், தண்டனை ஏற்கவேண்டியதில்லை. பலர் சேர்ந்து சுமந்திருக்கவேண்டிய கடனைத் தனியே சுமந்தவள், சுமையிற் சிறிது சிந்தியதற்காகக் குற்றவாளியாதல் நீதியன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாத வரையில் அவளாற் புதிதாக எதனையும் தொடங்குதல் இயலாது. வருத்தம் ஒருவரை முன்னே செல்லவிடும். குற்றவுணர்வோ அதே வாசலில் அதே மாலையில் நிறுத்திவைத்துவிடும்.

புதுத் தொடக்கம் என்பதை இருபதாம் நூற்றாண்டில் ஆழமாகச் சிந்தித்தவர் ஹனா ஆரென்ட். 1958இல் வெளியான 'மனித நிலை' என்னும் நூலிலே, மனிதர் இறப்பவர் என்பதிலும் பிறந்தவர் என்பதையே அவர் முதன்மைப்படுத்தினார். ஒவ்வொரு பிறப்பும் உலகில் முன்னில்லாத ஒருவரின் வருகை. ஆதலின் தொடங்கும் ஆற்றல் மனிதருக்கு இயல்பானது. செய்ததை மாற்றமுடியாது என்னும் இடருக்கு மருந்து மன்னித்தல். வருவதை அறியமுடியாது என்னும் இடருக்கு மருந்து வாக்களித்தல் என்றும் அவர் கூறினார். ஆழமான இக்கருத்தின் ஓரத்திலே சொல்லப்படாது நின்றவள் ஒருத்தி உண்டு. பிறந்த பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் பெற்றவள் அவள். பிள்ளையின் தொடக்கம் தாயின் முடிவாதல் வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. அவளுக்கும் மன்னிப்பும் வாக்கும் வேண்டும். மன்னிப்பை அவள் தனக்குத் தானே ஓரளவு அளித்துக்கொள்ளலாம். வாக்கு மட்டும் பிறரிடமிருந்தே வரவேண்டும். புதுத் தொடக்கத்தை மனவுறுதியின் விளைவாக மட்டும் கருதி, துணிந்தால் முடியும் என்று தாய்மாருக்கு அறிவுரை கூறுவோர் இப்பிற்பாதியை மறந்துவிடுகின்றனர்.

கற்பித்துக்கொண்ட குடும்பத்துக்கு மீண்டும் வரலாம். ஏழாண்டுகள் கழிந்துவிட்டன. தாதியின் மேசையிலே திறந்த பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் படிவம் கிடக்கின்றது. அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அம்மம்மாவுக்கு இப்போது கைநடுக்கம்; மருந்தை நேரம் தவறாது கொடுக்க ஆள் வேண்டும். சனிக்கிழமைகளில் வகுப்புக்குச் சென்றால் சமைப்பது யார், மருந்து கொடுப்பது யார் என்ற வினாக்களால் படிவம் நிரப்பப்படாமலே கிடக்கின்றது. ஒருநாள் பதினேழு வயது மகன் அம்மம்மாவின் குளிசைகளைக் காலை, மதியம், இரவு எனப் பிரித்துப் பெட்டியில் இடக் கற்றுக்கொள்கின்றான். சனிக்கிழமைச் சமையல் தனக்குரியது எனக் கணவர் கூறுகின்றார். முதல் வாரம் சோறு குழைந்துபோகின்றது, பருப்பில் உப்பில்லை. அதனை எல்லோரும் உண்கின்றனர். அவள் சமையலறைக்குள் சென்று அதனைத் திருத்தாதிருத்தல் வேண்டும். அதுவும் அவளுக்கு ஒரு பயிற்சியே. கடனைப் பகிர விரும்புபவர், பிறர் அதனைத் தம் முறையிற் செய்வதையும் ஏற்றல் வேண்டும். படிவம் நிரப்பப்படுகின்றது. உலகை வியக்கவைக்கும் நிகழ்ச்சி எதுவும் இங்கு நிகழவில்லை. ஒரு வீட்டின் கடன், உரியவர்களுக்குப் பகிரப்பட்டது, அவ்வளவே.

இதனாற் பெண்கள் யாவரும் வெளியே சென்று தொழில்புரிதல் வேண்டும் என்பது பெறப்படாது. வீட்டிலிருந்து பிள்ளை வளர்த்தலைத் தன் வாழ்வாகத் தெரிந்துகொள்ளும் தாயின் பணி எதனினும் தாழ்ந்ததன்று. ஆயின் தெரிவு என்பது வேறு வழியும் திறந்திருக்கும்போதே தெரிவாகும். அவ்வாறே, வீட்டுக்குள் நிகழும் பகிர்வு மட்டும் போதும் என்பதும் பெறப்படாது. தோட்டத்துத் தாய்க்குக் கணவனின் சனிக்கிழமைச் சமையல் மட்டும் விடுதலை தராது. கணவனைப் போரிலோ கடலிலோ இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் வடக்குக் கிழக்குத் தாய்க்கு அத்தகைய கணவனும் இல்லை. அவர்களுக்கு நம்பத்தகுந்த பகற் பராமரிப்பு நிலையமும், நியாயமான ஊதியமும், முதியோரைத் தாங்கும் பொது ஏற்பாடும் வேண்டும். பொன்முடியாரின் வரிசையிலே வேந்தனுக்கும் ஒரு கடன் வைக்கப்பட்டிருந்தது என்பதை மீண்டும் நினைத்தல் தகும்.

பல்கலைக்கழக மண்டபத்தில் அமர்ந்து நீதியைப் பற்றிக் கற்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் பின்னால், அவன் அங்கு வந்துசேர்வதற்காக எங்கோ ஒருவர் விழித்திருந்த இரவுகள் உண்டு. அவ்விரவுகளைத் தாய்ப்பாசம் என்று பெயரிட்டுப் பாராட்டிவிட்டு அமைதல் எளிது. அவை நீதிக்குரிய கணக்கிற் சேரவேண்டியவை என்று உணர்தல் அதனினும் கடினம். விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவன், உண்டபின் தன் கோப்பையைத் தானே கழுவிவைத்து, அடுத்த வேளைக்கு என்ன சமைப்பது என்னும் வினாவைத் தானும் ஒருமுறை சுமந்து பார்ப்பானாயின், நீதி பற்றிய அவனது கல்வி அங்கு தொடங்கும்.